ஜாம்பியாக்காரர் மகள்

சார், ஒரு சின்ன உதவி. நீங்கள் இந்தச் சன்னலோரம் வந்து உட்கார்ந்துகொள்கிறீர்களா? நான் உள்பக்கம் நகர்ந்துகொள்கிறேன். சங்கடப்படாதீர்கள். சன்னலோரத்துக்கு எல்லாரும் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள், இந்த ஆள் கையில் இருப்பதைக் கொடுக்கிறானே என்றுதானே பார்க்கிறீர்கள். எனக்குத் தூசி ஆகாது. அங்கே இருந்தவரைக்கும் எங்களுக்குக் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஒரு பொட்டுத் தூசி உள்ளே வராது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். அப்படித்தான். நீங்கள் நல்ல வாட்டசாட்டம். உங்களுக்குப் பின்னால் ஒருவன் இருப்பதே வெளியே தெரியாது.

இந்த ரயில்வே கேட் இப்போதைக்குத் திறக்காது, பஸ்ஸும் நகராது. செங்கோட்டைப் பாசஞ்சர் போக வேண்டும். அது வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கேட்டைச் சாத்திவிட்டு கேட்காரர் டீ குடிக்கப் போய்விடுவார். கேட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கட்டடம் தெரிகிறது, பாருங்கள். அது பெண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கேதான் போகிறேன். என் மகளுக்கு டி.சி. வாங்கப் போகிறேன்.

கடலையா? வேண்டாம் சார். சரி, நீட்டிவிட்டீர்கள், மறுக்கக் கூடாது. நன்றி. என்ன சார் சிரிக்கிறீர்கள்? கையா? கையில் தூசி இருந்தது, தட்டினேன். அவ்வளவுதான்.

'அங்கே' என்றால் எங்கே என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஜாம்பியா. ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற ஆப்பிரிக்கா இல்லை. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் அது இல்லை. எங்கள் தெருத் தபால்காரர், அது லண்டனுக்குப் பக்கமா என்று கேட்டார். ஒரே விமானத்தில் போய்விடலாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. தாமிரச் சுரங்கம் இருக்கிற ஊர். அங்கே மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். என் பெயர் ஞானசிகாமணி. கலியாணம் ஆன மறுவருஷம் போனேன், மகள் ஹெப்சிபா அங்கே பிறந்தவள். பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளே படித்து வாத்தியாராக வர ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடம் கணக்குப் படித்த பையன்தான் என் இடத்துக்கு வந்தான். கெட்டிக்காரன். அவனிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். போன வருஷம்.

வந்த இடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எங்கேயும் பொருந்திப் போகிற ஆள். தெருவில் எனக்கு ஜாம்பியா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஜாம்பியா, ரேஷன்ல சீனி போடுதான், போகலியா?" என்பார்கள். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கத்தானே செய்கிறது? டீக்கடைக்கு நான் போவதில்லை. போனால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்பதில்லை. வந்ததும் நேராகச் செய்தித்தாளைப் பிடுங்குவார்கள். அங்கே அப்படி இல்லை. சந்தைக்கு ஒரு முட்டைக்கோசு வாங்கப் போனால் திரும்பி வர அரை நாள் ஆகும். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் நின்று விசாரிப்பார்கள். உன் வீடு எப்படி, உன் மனைவி எப்படி, உன் தூக்கம் எப்படி என்று. தூக்கத்தைக்கூட விசாரிப்பார்கள் சார். இங்கே என் தூக்கத்தை யார் கேட்டார்கள்? போகட்டும். நான் சொல்ல வந்தது என் மகள் விஷயம். அவள்தான் பொருந்தவில்லை.

முதல் நாள் நானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கறுப்பு ஷூ, வெள்ளைச் சாக்ஸ், தலையில் ரிப்பன். பெரிய டீச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தலைமையாசிரியையை இங்கே பெரிய டீச்சர் என்பார்கள். அந்த வருஷம்தான் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் சேரவில்லை. 'ஃபாரின் பிள்ளை நம்ம ஸ்கூலுக்கு வந்திருக்கு' என்று ஹெப்சியைக் கையைப் பிடித்து வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். சப்பரம் மாதிரி. நானும் பின்னாலேயே போனேன். ஒரு தகப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவள் சேர்ந்த எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் அவளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். அங்கேதான் பிள்ளை காரியத்தைக் கெடுத்தாள். இரண்டு கையாலும் வாங்கினாள், அது வரைக்கும் சரி. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி ஒரு தாழ்வு தாழ்ந்து, இரண்டு கையையும் குழித்து, டப் டப் டப் என்று மெதுவாகத் தட்டினாள்.

அது அங்கே உள்ள மரியாதை சார். பெரியவர்களைக் கண்டால், ஒன்றை வாங்கினால், நன்றி சொன்னால், அப்படித்தான் செய்வார்கள். நாம் கும்பிடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. நீங்கள் ஏன் என் கையைப் பார்க்கிறீர்கள்? நான் தூசியைத் தட்டினேன். அது வேறு, இது வேறு.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன, பரிகாசம் பண்ணுதியா?" என்று கேட்டார்கள். பெரிய டீச்சர் என்னைப் பார்க்கிறார்கள். நான் என்ன சொல்வது? "அது ஒரு விதமான தேகப்பயிற்சி" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பாகச் சொன்னேன். இனிமேல் இங்கே கை தட்டக் கூடாது, முழங்காலை மடக்கக் கூடாது.

"அப்ப மரியாதைக்கு என்னப்பா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நில்லு."

சொன்ன சொல் தட்டாத பிள்ளை. சும்மா நின்றாள். பேச்சும் நின்றுவிட்டது. டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து சும்மா நிற்பாள். பிள்ளைகள் கூப்பிட்டால் சும்மா நிற்பாள். 'ஊமை வெள்ளைக்காரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். என் நிறம் அவள். அவளைப் போய் வெள்ளைக்காரி என்றால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள மாட்டாளா? பார்த்தாள். ரொம்ப நேரம் நின்று பார்ப்பாள். ஜெபமணி, என் மனைவி, ஒரு நாள் வெடுக்கென்று சொன்னாள்: "அங்க இருந்தப்ப இந்தியப் பிள்ளைன்னாங்க. இங்க வந்தா ஃபாரின் பிள்ளைங்காங்க. அவ எந்தக் கணக்குலதான் சேத்தி?" நான் கணக்கு வாத்தியார். அது கணக்கில் வராத கேள்வி என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு தப்புச் செய்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் டிபன் பாக்ஸ் மூடியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு தின்பார்கள். இவள் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து நடுவில் தள்ளிவிட்டு, எல்லாரும் கை போடட்டும் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அங்கே அப்படித்தான். ஒரே தட்டில் சோளமாவுக் களியை மலையாக வைத்து, சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் பிட்டுத் தின்பார்கள். தனியாகத் தின்கிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இங்கே நடக்குமா? உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, யார் பாத்திரத்தில் யார் கை வைப்பது என்று இங்கே பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஒருத்தியும் தொடவில்லை. இவள் காத்திருந்து காத்திருந்து, பசியோடு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

பிறகு ஒரு நாள் பாத்திரம் காலியாக வந்தது. கழுவினது மாதிரி. ஜெபமணிக்கு ஆச்சரியம். யாருட்டி தின்னா என்று கேட்டால், "நானும் முப்பிடாதியும்" என்றாள்.

முப்பிடாதி யார் என்று கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள். அதோ, கேட் பக்கத்தில் கூடையோடு நின்று வெள்ளரிப்பிஞ்சு விற்கிறாள் அல்லவா, சிவப்புச் சேலை, அவள் மகள். திரும்பிப் பார்க்காதீர்கள் சார், என்னை மறைத்துக்கொண்டு நேராக உட்காருங்கள். நான் யாரையும் குறைவாகச் சொல்கிறவன் இல்லை. வெள்ளரிப்பிஞ்சு நல்ல வஸ்து. இருந்தாலும், வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, ஊரில் சிநேகிதம் பிடித்த இடத்தைப் பாருங்கள்.

அந்த முப்பிடாதி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். படிப்பில் கெட்டி என்று அங்கே உட்கார வைக்கவில்லை. டீச்சர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும் என்று உட்கார வைத்தது. வாய் சும்மா இருக்காது. அவள் ஹெப்சியிடம், "ஏட்டி, அன்னைக்கு ஒண்ணு செஞ்சியே, டப் டப்னு, அதை இன்னொரு மட்டம் செய்யி" என்றிருக்கிறாள். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். "செஞ்சாத்தான் உன் சோத்துல கை வைப்பேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பசி சார். செய்திருக்கிறாள்.

அதிலிருந்துதான் எல்லாம் கெட்டது. வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. இங்கே பொருந்தாத பிள்ளை எப்படி இருப்பாள் என்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் பையை நடுவீட்டில் எறிந்துவிட்டு ஓடிவிடுகிறாள். பாண்டி ஆடப் போகிறாளாம். ஷூவை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. 'யெஸ் அப்பா' என்று சொன்ன பிள்ளை, இப்போது "என்னப்பா, சும்மா போட்டு அறுக்கிய" என்கிறாள். தெருவில் நடந்து வந்தால் இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு வருகிறார்கள், சைக்கிள்காரன் மணியடித்து ஓய்ந்துபோகிறான். பட்டப்பெயரும் போய்விட்டது. ஜாம்பியா என்கிற பெயர் எனக்கு மட்டும்தான் நின்றிருக்கிறது. ஒரு தகப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

இன்னொன்று சொல்கிறேன். ஒரு நாள் முட்டை விற்கிறவர் தெருவில் வந்தார். பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அவரைப் பார்த்து முழங்காலை மடக்கி டப் டப் என்று தட்டினார்கள். அந்த மனிதர் முட்டைக் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். பயந்துவிட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில் ஆண்டு விழா வந்தது. பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார்கள். "ஹெப்சிபா இங்கிலீஷ்ல பேசட்டும் சார், வெளிநாட்டு வாழ்க்கை பத்தி. விருந்தாளியா பெரிய அதிகாரி வாரார். அப்பத்தான் அடுத்த வருஷம் இங்கிலீஷ் வகுப்புக்குப் பிள்ளைங்க சேரும்." எனக்கும் அது சரியென்று பட்டது. நம் குடும்பம் யார், எங்கே இருந்து வந்தோம் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டுமே. உட்கார்ந்து எழுதினேன். அகலமான சாலைகள், உயரமான கட்டடங்கள், மின்விளக்குகள், இயந்திரங்கள். நல்ல இங்கிலீஷ். அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பழக்கினேன். நாலாவது வரிக்கு வந்ததும் நிறுத்திவிடுவாள்.

"அப்பா, நம்ம ஊர்ல உயரமான கட்டடம் எங்க இருந்துது?"

"தலைநகரத்தில் இருந்தது."

"நாம பார்க்கலியே. நம்ம வீட்டுக்குப் பின்னாடி உயரமா இருந்தது கறையான் புத்துதான?"

"கறையான் புத்தைப் பத்தி யாரும்மா கேக்கப் போறா?"

"முப்பிடாதி கேட்டாளே. அவளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

பாருங்கள். பெரிய அதிகாரி வருகிறார், முப்பிடாதிக்கு எது பிடிக்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஜெபமணி அடுப்படியில் இருந்து சிரிக்கிறாள். நான் சத்தம் போட்டேன். பிள்ளை பிறகு அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

விழாவுக்கு நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல பங்குனி வெயில். முதல் வரிசையில் இடம் கொடுத்தார்கள். பெரிய டீச்சர் மைக்கில், "வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த நம் மாணவி" என்று அறிவித்தார்கள். ஊரே வந்திருந்தது. தபால்காரர் வந்திருந்தார். இந்த வெள்ளரிக்காய்க்காரியும் கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

ஹெப்சி வந்தாள். என் முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவது வரியையும் சொன்னாள். அதற்குப் பிறகு நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் கீழே இருந்து உதட்டை அசைத்துக் காட்டுகிறேன். அவள் என்னைப் பார்த்தாள். மறந்தவள் முகம் இல்லை சார் அது. மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் போனாள். முழங்காலை மடக்கினாள். கையைக் குழித்தாள். டப் டப் டப்.

எனக்குக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்றுகிறது. அப்போது பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த எட்டாம் வகுப்பில் முப்பிடாதி எழுந்தாள். அவளும் தாழ்ந்து தட்டினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பே எழுந்தது. அத்தனை பிள்ளைகளும் மடங்கி, டப் டப் டப். நெல் குத்துகிற மாதிரி ஒரே தாளம். பெரிய அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்று அவரும் கை தட்டினார். தப்பாகத்தான் தட்டினார். உடனே கூட்டம் முழுக்கத் தட்டியது.

பிறகு பிள்ளை தமிழில் பேச ஆரம்பித்தாள். இந்த ஊர்த் தமிழில். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு கறையான் புத்து உண்டும். நம்ம பள்ளிக்கூட மாடி உசரம் இருக்கும். அது மேல மரம் முளைச்சு நிக்கும்லா" என்றாள். பின்னாலிருந்து யாரோ, "பாம்பு கிடக்குமாட்டி உள்ள?" என்று கேட்டான். "கிடக்கும். அது பாட்டுக்கு அது கிடக்கும், நாங்க பாட்டுக்கு நாங்க சறுக்கி விளையாடுவோம்" என்றாள். சிரிப்பு. ஒரே தட்டில் தின்பதைச் சொன்னாள். "முதல்ல இங்க யாரும் என் பாத்திரத்துல கை வைக்கல. இப்ப எனக்கே மிஞ்ச மாட்டேங்கு" என்றாள். மறுபடியும் சிரிப்பு. சில பேர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எழுதிக்கொடுத்ததில் ஒரு வார்த்தை வரவில்லை.

அத்தோடு விட்டாளா? "எங்கப்பா அங்க பெரிய வாத்தியார். டை கட்டிக்கிட்டு சைக்கிள்லதான் போவாங்க" என்றாள்.

ஆமாம் சார், சைக்கிள். கார் என்று சொன்னேன் அல்லவா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு கார் இருந்தது. தலைமையாசிரியர் வைத்திருந்தார். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை ஏறியிருக்கிறேன். கண்ணாடி ஏறும். அதைத்தான் சொன்னேன்.

"வழியில வயசான அம்மா யாரைக் கண்டாலும் எங்கப்பா சைக்கிள விட்டு இறங்கிருவாங்க. சைக்கிள இடுப்புல சாச்சி வச்சிக்கிட்டு, குனிஞ்சு கை தட்டுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் இறங்குவாங்க. அதனால பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பிந்தித்தான் போவாங்க. எங்கப்பா மாதிரி அழகா அந்த ஊர்க்காரங்களே தட்ட மாட்டாங்க. நான் செய்யறது எங்கப்பாகிட்ட படிச்சது" என்று சொல்லி, என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள்.

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நான். எழுந்து தட்டுவேன் என்று காத்திருந்தார்கள் போல. நான் எழவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன். எவ்வளவு அவமானம், நீங்களே சொல்லுங்கள். தபால்காரர் மறுநாள் கடிதம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நிற்கிறார். "என்னய்யா" என்றேன். "இல்ல, ஒண்ணுமில்ல" என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். எதற்கு நின்றார் என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். கத்தியும் முள்கரண்டியும் வைத்துத் தனித்தனித் தட்டில் சாப்பிடுகிறார்கள். அங்கே போனால் அவள் தான் யார் என்பதைத் தெரிந்துகொள்வாள். ஹெப்சிக்கு இன்னும் சொல்லவில்லை. டி.சி. கைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம். ஜெபமணிக்குச் சொன்னேன். "பொருந்தாத ஆளைத்தான் மலைக்கு அனுப்பணும்னா நீங்க போங்க. பிள்ள இங்க இருக்கட்டும்" என்றாள். அவளுக்கு விவரம் போதாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சுப் போடுவதில்லை.

என்ன சார், ஏன் குனிகிறீர்கள்? குனியாதீர்கள். கடலை கீழே விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள்.

"ஏ, அது ஹெப்சி அப்பாதான?"

போச்சு. பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, என்ன உள்ள போயி ஒளிஞ்சிருக்கிய? வெயிலா? இந்தாங்க, பிஞ்சு. காலம்பற பறிச்சது. ஐயா, நீங்க கொஞ்சம் வாங்கி அவுககிட்ட குடுங்க."

வேண்டாம் என்று சொல்லுங்கள் சார். வாங்கிவிட்டீர்களா? சரி, கொடுங்கள். இந்தாம்மா, காசு.

"காசா? உங்க வீட்டுச் சோத்துக்கு எம்மவ காசா குடுத்தா? வச்சிக்கிடுங்க. அண்ணாச்சி, ஒரு விசயம். ரெண்டும் ஒம்பதாப்புலயும் ஒரே பெஞ்சுல இருக்கணும்னு பெரிய டீச்சர்ட்ட இப்பமே சொல்லி வச்சிருக்காளுவ. நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருங்க. எம்மவ படிக்கான்னா உங்க பிள்ள பக்கத்துல இருக்கப் போயிதான். முன்னால பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னா வயித்த வலிம்பா."

சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை சார். தலையைத்தான் ஆட்டினேன். ஒருத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது தலையைக்கூட ஆட்டாமல் இருக்க முடியுமா?

இந்த வெள்ளரிப்பிஞ்சைக் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். சும்மாதான். வாங்கினால் தட்ட வேண்டும். அது கை தானாகச் செய்வது, நானா செய்கிறேன்? இந்த இடுக்கில் முழங்கால் மடங்கவும் மாட்டேன் என்கிறது.

அங்கே பாருங்கள். கூடையை இறக்கிக் கீழே வைக்கிறாள். தார் ரோட்டில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில். அட, அவளும் தாழ்ந்து தட்டுகிறாள் சார்.

"சரியா செய்யுதனா அண்ணாச்சி? ஹெப்சி சொல்லித் தந்தா. நானும் யாவாரத்துக்கு வாரவுகளுக்கெல்லாம் செஞ்சு பாக்கேன், ஒருத்தரும் திருப்பிச் செய்ய மாட்டேங்காவ. நீங்கதான் செஞ்சிருக்கிய. ராத்திரி நல்லா உறங்குனியளா? அதையும் கேக்கணும்னு பிள்ள சொல்லிச்சி."

சார்.

ஒன்றுமில்லை. மிளகாய்ப்பொடி இல்லை, நான் இன்னும் கடிக்கவே இல்லை. கேட்டீர்களா, அவள் கேட்டதை? உறங்கினேனா என்று கேட்கிறாள்.

உறங்கினேன் அம்மா. இல்லை, சரியாக உறங்கவில்லை. நீ உறங்கினாயா? பிள்ளை எப்படி? வீடு எப்படி?

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாசஞ்சர் சத்தம் கேட்கிறது, இப்போது கேட் திறந்துவிடும். அதுவரைக்கும் அந்தச் சன்னலோரத்தை எனக்குக் கொடுங்களேன். இல்லை, தூசி ஒன்றும் செய்யாது. அந்த அம்மா கையைத் தட்டையாக வைத்துத் தட்டுகிறாள், அது தப்பு. குழிக்க வேண்டும், உள்ளே ஒரு குருவிக்குஞ்சு இருக்கிற மாதிரி. அப்போதுதான் அந்தச் சத்தம் வரும். இவளே இப்படி என்றால் எட்டாம் வகுப்பு முழுக்கத் தப்பாகத்தான் தட்டிக்கொண்டிருக்கும். ஹெப்சிக்குச் செய்யத் தெரியும், சொல்லிக்கொடுக்கத் தெரியாது. சின்னப் பிள்ளைதானே. யாராவது விவரம் தெரிந்தவர்கள் போய் ஒரு நாள் நின்று சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. எப்படியும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன்.

டி.சி.யா? பெஞ்சு விஷயம் பேச வேண்டும் சார் முதலில். நகருங்கள், நகருங்கள், கேட்டைத் தூக்குகிறான்.